பால்வாடி டீச்சரைப் பட்டப்படிப்புக்குத் தயார்செய்வது: ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டை போடும் நாள். நான்கு வயதுப் பையன் ஒருவன் தன் தட்டைப் பார்த்துவிட்டு "எனக்கு மட்டும் சின்ன முட்டை" என்று அழுகிறான். அங்கன்வாடி டீச்சர் அதே முட்டையை நூலால் நான்காக அறுத்துத் தட்டில் பரப்பி வைக்கிறார். "இப்ப உனக்கு நாலு இருக்கு பாரு." அழுகை நின்றுவிடுகிறது. பரப்பி வைத்தால் பொருள் கூடிவிட்டதாக அந்த வயதுக் குழந்தை நம்பும் என்பது அந்த டீச்சருக்குப் பதினைந்து வருட வேலையில் தெரிந்த விஷயம். ஆனால் அதே விஷயம் பாடப்புத்தகத்தில் "அளவு மாறாமை" என்ற தலைப்பில், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜேயின் பெயரோடு வரும்போது அவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார். "இதெல்லாம் நமக்கு ஏறாதுங்க."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடிப் பணியாளர்களோடு உட்கார்ந்து படிக்கும் ஒரு சிறு குழுவைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவர்களுக்கு இல்லாதது அறிவு அல்ல. தெரிந்ததை எழுத்தில் வைக்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கிவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்த்தால் நிற்பார்கள். உண்டாக்காமல் சேர்த்தால் முதல் ஒப்படைப்பிலேயே (வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்) காணாமல் போவார்கள். மேற்பார்வையாளர், கல்லூரி ஆசிரியர், சங்கப் பொறுப்பாளர், படித்து முடித்த சக பணியாளர் என்று யார் வேண்டுமானாலும் இப்படி ஒரு குழுவை நடத்தலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜூலை சேர்க்கையை மனத்தில் வைத்தால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். ஆறு மாதம் வேண்டும்.

ஏன் இப்போது? 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது உணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது ஆகியவைதான் முன்னால் நின்றன. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் பசிதான் முதல் கவலை. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டமும் இருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று வயதிலிருந்தே கல்வியைக் கணக்கிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி, அதற்குக் குறைந்த படிப்பு உள்ளவருக்கு ஒரு வருடப் பட்டயம் என்று பேசுகிறது. பணியாளர்களை ஆசிரியர் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் ஆசிரியருக்குரிய படிப்பும் அவர்களுக்கு எட்ட வேண்டும்.

முதல் படி: யார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

முன்பு பத்தாம் வகுப்பு இருந்தால் அங்கன்வாடிப் பணியாளர் ஆகலாம். இப்போதைய நியமனங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கேட்கிறார்கள். ஆகவே ஒரே குழுவில் இருபது வருடம் வேலை பார்த்த பத்தாம் வகுப்பு அக்காவும், போன வருடம் சேர்ந்த பட்டதாரித் தங்கையும் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே வழி பொருந்தாது.

பத்தாம் வகுப்போடு நின்றவர் முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வேண்டும். தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுதலாம். "பிளஸ் டூ இல்லாமலே நேரடியாக டிகிரி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை. மூன்று வருட உழைப்பும் பணமும் போன பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு இருப்பவருக்கு நான் சொல்வது: நேராகப் பட்டத்துக்குத் தாவ வேண்டாம், நடுவில் ஒரு பட்டயம் படியுங்கள். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் என்ற பட்டயப் படிப்பை நடத்துகிறது. 32 கிரெடிட் (கிரெடிட் என்பது படிப்பு நேரத்தை அளக்கும் அலகு). குழந்தை நலம், ஊட்டச்சத்து, மையத்தை நடத்தும் முறை, செயல்திட்டப் பணி எல்லாம் அதில் வருகின்றன. தினமும் செய்யும் வேலையைப் பற்றியே படிப்பதால், படிப்பது என்றால் என்ன என்று பழகிக்கொள்ள இது நல்ல இடம்.

அதற்குப் பிறகு பட்டம். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே தமிழில் படிக்கக்கூடிய, முன்பருவக் கல்விக்கென்றே உள்ள பட்டங்கள் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்தில் அடிப்படை நிலைக்கான பிரிவு இருக்கிறது. ஆனால் அது முழுநேரப் படிப்பு. கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் போன்ற இடங்களில் மனையியலோடு மனித வளர்ச்சியைப் படிக்கலாம். அதுவும் கல்லூரிக்குப் போய்த்தான். வேலையை விட முடியாதவர்கள் பெரும்பாலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியலோ சமூகப்பணியோ எடுத்து, குழந்தை வளர்ச்சிப் பாடங்களில் தங்கள் வேலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். எந்தப் பாடத்துக்குத் தமிழ் வழி உண்டு என்பதை அந்த வருடக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் முதல் நாளே சொல்லுங்கள். இந்தப் பட்டயமோ பட்டமோ தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையைத் தானாகக் கொடுக்காது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் தனியாக வேண்டும். இதை மறைத்து ஆள் சேர்ப்பது பாவம்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் தவறவிடக் கூடாது. தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது டெப் ஐடி என்ற அடையாள எண் வேண்டும். அதற்கு முன் ஏபிசி எனப்படும் கணக்கு வேண்டும்; இது பணத்துக்கு அல்ல, படித்த கிரெடிட்களைச் சேர்த்து வைப்பதற்கு. இரண்டுக்கும் ஆதார் அடிப்படை. நமக்குப் பெரிய இடைஞ்சல் இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவரின் முழுப்பெயர், வங்கிக் கணக்கில் எதுவும் இல்லாத வெறும் பெயர். எங்கள் குழுவில் ஒருவருக்கு இதனாலேயே ஒரு சேர்க்கைக் காலம் தவறிப்போனது. முதல் கூட்டத்துக்கே எல்லாரையும் சான்றிதழ்களோடு வரச் சொல்லி, பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் ஆறு மாதம் கையில் இருக்கும்.

மூன்றாம் படி: நேரக் கணக்கை வெளிப்படையாகப் போடுங்கள்

திறந்தநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணிநேரப் படிப்பு. பட்டயத்தின் 32 கிரெடிட்டுக்கு 960 மணி. ஒரே வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல். இரண்டு வருடமாகப் பரப்பினால் ஒன்பதரை மணிக்குள் அடங்கும். மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது 3600 மணி. வாரத்துக்கு 23 மணி. இக்னோவில் ஆறு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதில் பாதியாகக் குறைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் சிலர் முகம் வாடும். வாடட்டும், பரவாயில்லை. ஒரு தாளை எடுத்து அவருடைய ஒரு வாரத்தை எழுதச் சொல்லுங்கள். மையம் திறப்பது, சமையல், மையத்தின் விவரங்களை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவு, வீடுகளுக்குப் போவது, எடை எடுக்கும் நாள், சத்துமாவு கொடுக்கும் நாள், அப்புறம் தன் வீட்டுச் சமையல், மாமியாரின் மருந்து, பிள்ளையின் வீட்டுப்பாடம். எந்த இடத்தில் தினமும் ஒன்றரை மணி கிடைக்கும்? பெரும்பாலும் அதிகாலை நாலரை மணியாகத்தான் இருக்கிறது. அதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி பேசி வாங்க வேண்டும். நான் ஒரு கூட்டத்துக்குக் கணவர்களையும் அழைப்பேன். மாமியார்களும் வந்திருக்கிறார்கள். மனைவி எதற்காகப் படிக்கிறார், எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்று நேரில் கேட்டவர் பிறகு முட்டுக்கட்டை போடுவது குறைவு.

பலருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் உண்டு. வாக்காளர் பட்டியல் திருத்தம் பெரும்பாலும் வருடக் கடைசி மாதங்களில் வரும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிசம்பர் தேர்வும் அப்போதுதான். அந்தப் பொறுப்பில் இருப்பவர் அதிகமான தாள்களை ஜூன் தேர்வுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: முதல் எட்டு வாரம் எழுத்து மட்டும்

எங்கள் குழுவில் புத்தகத்தை இந்த எட்டு வாரமும் கையில் கொடுப்பதே இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. தினமும் ஒரே ஒரு குழந்தையை ஐந்து நிமிடம் பார்த்து, பார்த்ததை ஐந்து வரி எழுத வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதினாலும் சரி. எழுத்துப்பிழையை இந்தக் கட்டத்தில் திருத்தாதீர்கள். சிவப்பு மை ஒரு முறை பட்டால் அந்த நோட்டு மறுவாரம் வராது.

முதல் வாரம் இப்படித்தான் வரும்: "இன்னைக்கு ரொம்ப சேட்டை பண்ணினான். யாரையும் விளையாட விடல." இரண்டாம் வாரம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலப்பக்கம் நான் நினைத்தது. "சேட்டை" வலப்பக்கம் போய்விடும். அப்போது இடப்பக்கம் காலியாக இருக்கும். என்னதான் செய்தான் என்று யோசிக்க வேண்டிவரும். மூன்றாவது வாரம் அதே டீச்சர் எழுதியது: "கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றான். மூன்று முறை 'நானும்' என்றான். அவர்கள் திரும்பவில்லை. நான்காவது முறை கட்டையைத் தள்ளிவிட்டான்." வலப்பக்கத்தில்: "சேர்த்துக்க மாட்டாங்களான்னு கேட்கத் தெரியல போல." எனக்குத் தெரிந்து இந்த வழியில் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் நடப்பது இந்த இடத்தில்தான். பட்டப்படிப்பு கேட்பது இதைத்தான்: பார்த்தது வேறு, அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு வேறு என்று பிரித்து வைப்பது.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஐந்து வரி அரைப்பக்கமாகட்டும். "ஏன் அப்படி நினைக்கிறேன்" என்று ஒரு பத்தி சேரட்டும். ஏழாம் வாரத்தில் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும் பயிற்சி. இதைத் தனியாக இலக்கணப் பாடமாக நடத்த வேண்டாம். அவரவர் எழுதியதையே உரக்கப் படிக்கச் சொல்லி, "இதைக் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவாக எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். மனு எழுதாத பணியாளர் யாரும் இல்லை. அந்த நடை அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு கண்டிப்பான விதி: நோட்டில் குழந்தையின் பெயரோ வீட்டு விவரமோ கூடாது. எழுத்து ஒன்றோ பூவின் பெயரோ வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் படம் போடக் கூடாது. பின்னால் செயல்திட்டப் பணிக்காகக் குழந்தைகளைக் கவனித்து எழுதும்போது பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த ஒழுக்கம் இந்த நோட்டிலேயே பழகட்டும்.

ஐந்தாம் படி: கோட்பாட்டை மையத்துக்குள் கூட்டிவாருங்கள்

எட்டு வாரம் முடிந்ததும் நோட்டுகளைப் புரட்டி, அதற்குள் இருக்கும் கோட்பாடுகளைத் தேடுங்கள். பெரும்பாலானவை அங்கேயே இருக்கும்.

முட்டைக் கதையைச் சொல்லிவிட்டுப் பியாஜேக்குப் போங்கள். ஏறக்குறைய ஏழு வயது வரை குழந்தைக்கு வடிவம் மாறினால் அளவும் மாறியதாகத் தோன்றுகிறது என்றார் அவர். டீச்சர்களே இதைச் சோதித்துப் பார்க்கட்டும். ஒரே அளவு தண்ணீரைக் குட்டை டம்ளரிலும் ஒல்லியான உயர டம்ளரிலும் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்கட்டும். புளியங்கொட்டையை இரண்டு வரிசையாக வைத்து ஒன்றை மட்டும் விரித்துவிட்டுக் கேட்கட்டும். அடுத்த ஞாயிறு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கதையோடு வருவார்கள்.

அங்கேயே நிறுத்தாதீர்கள். பட்டயத்தில் "பியாஜே என்ன சொன்னார்" என்று எழுதினால் பெரும்பாலும் போதும். பட்டப்படிப்பில் "அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி" என்றும் எழுத வேண்டும். 1970-களில் எடின்பரோவில் உளவியலாளர்கள் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் இதே வரிசைச் சோதனையில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். பெரியவர் கையால் விரிப்பதற்குப் பதிலாகப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்தபோது சரியான பதில் சொன்ன குழந்தைகள் கூடிவிட்டார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், பதில் மாற வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை நினைக்கலாம் அல்லவா? இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஓர் அக்கா, "ஆமாங்க, நான் 'என்ன கலர்?'னு ரெண்டாவது தடவை கேட்டாலே புள்ள பதிலை மாத்திரும்" என்றார். விமர்சனச் சிந்தனை என்று பல்கலைக்கழகம் பெரிதாகச் சொல்வதன் தொடக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை உடனே நோட்டில் எழுத வையுங்கள்.

ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த குழந்தை அம்மாவின் முந்தானையை விடாமல் அழுவது குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிய ஜான் பௌல்பியின் பற்றுறவுக் கோட்பாட்டுக்கு வாசல். பல்லாங்குழியில் பெரிய பிள்ளை சொல்லிக்கொடுக்க, தனியாக ஆடத் தெரியாத சின்னப் பிள்ளை சரியாகக் காய் போடுவது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கிக்கு வாசல். தனியே முடியாததை ஒருவர் துணையோடு செய்யக்கூடிய அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றவர் அவர். பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து 37 வயதிலேயே இறந்துபோனார்.

இவர்கள் எல்லாரும் தூரதேசத்து ஆட்கள் என்ற தயக்கம் இருக்கும். அப்போது அடையாற்றைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தைக் கல்விக்குப் புது வழி காட்டிய இத்தாலியர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றி அவர் சிந்தித்த காலத்தில் ஒரு பகுதி நம் மலையில் கழிந்தது. அங்கன்வாடி என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், மையத்துக்கு வர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம். 1972-இல் மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு முன்பருவக் குழந்தைகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கை, மூன்று வருடம் கழித்துத் தொடங்கிய திட்டத்துக்கு வழிவகுத்தது. தான் தினமும் பூட்டைத் திறக்கும் அறைக்கு இவ்வளவு யோசனை பின்னால் இருக்கிறது என்று தெரியும்போது படிப்பின் மீது ஓர் உரிமை வந்துவிடுகிறது.

ஆறாம் படி: பாடநூலைப் படிக்கும் விதம்

இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே ஓர் அலகை இறக்கி, குழுவாகப் படித்துப் பாருங்கள். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் இப்போதே தெரியட்டும்.

சொற்கள்தான் மிரட்டும். நுண்தசை இயக்கம், புலனுணர்வு, தற்சார்பு. இதற்கு ஒரு சொல் நோட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி விளக்கம் வேண்டாம், தன் மையத்திலிருந்து ஓர் உதாரணம் போதும். நுண்தசை இயக்கம்: "நெல்லையும் உளுந்தையும் விரலால் பொறுக்கிப் பிரிப்பது." ஆங்கில வழியில் படிப்பவர் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி, உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்ளட்டும். இருநூறு சொல் சேர்ந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு நாளைக்கு மூன்று பக்கம். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆயம்மாவுக்குச் சொல்வது போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வராத இடம் புரியாத இடம். அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

ஏழாம் படி: ஒப்படைப்பும் தேர்வுக் கையும்

விடை எழுதித் தயாராக வைத்திருக்கும் ஒப்படைப்புகளை விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் பார்த்து எழுதினால் ஒரு நாள் வேலை. நான் இதை முழு மனதோடு எதிர்க்கிறேன். திருடுவது தவறு என்பது ஒருபுறம். தேர்வுக்கு முன் எழுதிப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் அதனால் கைநழுவிப் போகிறது. அதற்குப் பதிலாக, ஒப்படைப்புக் கேள்வி ஒன்றை எடுத்து, நோட்டிலிருந்து பொருத்தமான இரண்டு கவனிப்புகளைத் தேடி, அவற்றைச் சுற்றி விடையைக் கட்டச் சொல்லுங்கள். புத்தகத்திலிருந்து எடுத்த கருத்துக்கு யார் சொன்னது, எந்தப் பாடநூல், எந்த அலகு என்று பக்கத்திலேயே குறிக்கட்டும். மேற்கோள் காட்டும் முறையை இதைவிடச் சிக்கலாக இப்போது சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வியின் வினைச்சொல்லைக் கோடிடப் பழக்குங்கள். "பட்டியலிடுக" என்றால் ஐந்து வரி. "விளக்குக" என்றால் ஏன், எப்படி. "விவாதிக்க" என்றால் இரண்டு பக்கமும் சொல்லித் தன் கருத்து. இதைக் கவனிக்காமல் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் கை. பத்து, பதினைந்து வருடமாகப் பதிவேட்டில் எண்களை மட்டுமே எழுதிய கை, தேர்வில் மூன்று மணிநேரம் தொடர்ந்து எழுத வேண்டும். விடை தெரிந்தும் இரண்டாவது மணியில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆகவே முதலில் இருபது நிமிடம், அடுத்த மாதம் முக்கால் மணி, பிறகு ஒன்றரை மணி, கடைசியில் முழு மூன்று மணி. பழைய வினாத்தாளை வைத்து, கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, பேசாமல் எழுத வேண்டும். எங்கள் குழுவில் இந்த முழுத் தேர்வை இரண்டு முறை நடத்துவோம்.

எட்டாம் படி: சேர்ந்த பிறகும் விடாதீர்கள்

சேர்க்கைச் சீட்டு வந்ததும் குழுவைக் கலைத்துவிடுவது நான் முதல் வருடம் செய்த தவறு. நான்கு மாதத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இப்போது முதல் ஒப்படைப்பு திருத்தி வரும்வரை வாராவாரம் கூடுகிறோம், அதன்பின் மாதம் ஒருமுறை. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. பக்கத்து மையத்து டீச்சராக இருந்தால் மேற்பார்வையாளர் கூட்டத்துக்குப் போகும் பேருந்திலேயே பேசிக்கொள்ளலாம். தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி தேதியை இருவரும் ஒருவருக்கொருவர் நினைவூட்ட வேண்டும்.

திருத்தி வந்த ஒப்படைப்பில் மதிப்பெண் குறைந்திருந்தால் அந்த ஞாயிறே எல்லாரும் சேர்ந்து அதைப் படியுங்கள். திருத்தியவர் எழுதிய குறிப்பை உரக்கப் படித்து, அவர் என்ன கேட்கிறார் என்று பேசி, ஒரே ஒரு பத்தியை அங்கேயே மறுபடி எழுதச் சொல்லுங்கள். பழைய நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். "ரொம்ப சேட்டை பண்ணினான்" என்று தொடங்கிய முதல் பக்கத்தையும், இன்று எழுதிய பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பார்க்கட்டும். அதன்பின் அடுத்த ஒப்படைப்பின் முதல் கேள்வியை எடுத்துவிடலாம்.